வங்கியா, ஆட்சிப் பணியா?

கேள்வி: பட்டம் முடித்த என் மகள் வங்கி அதிகாரித் தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் சேர்த்தே படிக்கிறாள். எதில் நிற்கச் சொல்வது? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்க வேண்டும் என்று அவர் முனைந்தார். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். ஓட்டத் தெரிந்தால் போதுமா, வண்டி வாங்கப் பணம்? அதற்கு வங்கிகள் கடன் கொடுத்தன.

ஒரே மாற்றத்துக்கு இரண்டு பணிகளும் தேவைப்பட்டன.

ஆட்சிப் பணியில் இன்று குடிநீர், நாளை தேர்தல், மறுநாள் புயல் நிவாரணம். அரசியல் அழுத்தமும் உண்டு. வங்கி அதிகாரிக்கு ஊர் மாறினாலும் வேலை மாறாது: கடன் கேட்பவரை எடைபோடுவது, கொடுப்பது, வசூலிப்பது. மாத இலக்கு அவரைத் துரத்தும். மகளின் மனம் எதில் ஒட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வயதுக் கணக்கு அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. பொதுப் பிரிவில் வங்கி அதிகாரித் தேர்வுக்கு 20 முதல் 30 வயது. குடிமைப் பணிக்கு 21 முதல் 32 வரை, ஆறு வாய்ப்புகள். இடஒதுக்கீட்டுப் பிரிவினர் பலருக்கு மத்திய அரசின் சலுகைகள் உண்டு. ஆகவே வங்கி வேலை கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். கையில் சம்பளம் இருந்தால் வீட்டுக்கும் அவருக்கும் பதற்றம் குறையும். குடிமைப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.