பில்லுக்குக் கீழே ஒரு கோடு இருக்கும்

டாலஸுக்குப் படிக்க வர்ற தங்கச்சிங்க முதல் மாசமே கேக்கிற கேள்வி இது: "சாப்பாட்டுக்குத்தான் காசு குடுத்தாச்சேக்கா, டிப்ஸ் வேற எதுக்கு இவ்ளோ?" நம்ம ஊர்ல மிச்சச் சில்லறையில பத்து இருபதை விட்டுட்டு எழுந்து வந்துடலாம். விடலைன்னாலும் சர்வர் அண்ணனுக்கு மாசச் சம்பளம் உண்டு. டெக்சாஸ்ல கதையே வேற. டிப்ஸ் வாங்குற சர்வருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் குடுத்தாப் போதும். மத்திய அரசு 1991-ல வச்ச தொகை, இன்னும் ஏறலை. டிப்ஸ் சேர்த்தும் மணிக்கு 7.25 வரலைன்னாத்தான் மீதியை முதலாளி போடணும். கலிஃபோர்னியாவுல சர்வருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. ஆனா அங்கயும் டிப்ஸ் கேக்காம விடமாட்டாங்க, அது வேற பஞ்சாயத்து.

அதனால மெனுவைப் பாக்கும்போதே விலையோட கால்வாசிக்குக் கொஞ்சம் மேலயே மனசுல கூட்டிக்கோ. வரி, டிப்ஸ் ரெண்டும் அதுல அடங்கிடும். கட்டுப்படியாகலையா, கவுண்டர்ல வாங்கிச் சாப்பிடுற கடைக்குப் போ. அங்க ஐபேடைத் திருப்பி 20 சதவீதம்னு காட்டுவாங்க. பின்னாடி நிக்கிறவங்க பாக்குறாங்களேன்னு கூச்சப்படாம ‘நோ டிப்’பை அமுக்கலாம். பார்சலுக்கும் கட்டாயமில்லை. தட்டை நாமளே எடுத்துக்கிற பஃபேயில 10 சதவீதம் வச்சாப் போதும்.

உக்காந்து சாப்பிட்டா 18-லிருந்து 20. இதுக்குச் சுலபமான கணக்கு, வரியை ரெண்டு மடங்காக்குறது. டாலஸ்ல வரி 8.25 சதவீதம். 40 டாலருக்குச் சாப்பிட்டா வரி 3.30, ரெண்டு மடங்கு 6.60. அதோட ஒரு டாலர் சேர்த்தா கௌரவமான டிப்ஸ். பில்லோட அடியில அச்சடிச்ச தொகையைக் கண்ணை மூடிட்டு எழுதாதே. சில கடையில வரியையும் சேர்த்து 43.30-க்கு சதவீதம் போட்டிருப்பாங்க. கூப்பன்ல பாதி விலைக்குச் சாப்பிட்டா மட்டும் முழு விலைக்கே டிப்ஸ் போடு. தட்டைத் தூக்கிட்டு வந்தவங்களுக்கு வேலை பாதியாகலையே.

நம்ம பிள்ளைங்க ஏமாறுறது கூட்டமாப் போகும்போதுதான். ஆறு பேர், எட்டு பேர்னா நிறைய கடையில ‘கிராஜுவிட்டி 18%’னு பில்லுக்குள்ளயே போட்டுடுவாங்க. அதுக்குக் கீழ டிப்ஸ் கோடு வேற காலியா இருக்கும். பிறந்தநாள் பார்ட்டி சந்தோஷத்துல அதுலயும் 20 எழுதினா ரெண்டு தடவை அழுதாச்சு. முதல்ல மேல வாசி. ஏற்கெனவே சேர்த்திருந்தா கோட்டை அடிச்சுட்டு மொத்தத்தை எழுது. தனித்தனி பில் வேணும்னா ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடு. ஒருத்தி கார்டுல கட்டி மத்தவங்க அப்புறம் அனுப்புறதுன்னா, தோசை விலையை மட்டும் அனுப்பிட்டு வரியையும் டிப்ஸையும் அவ தலையில கட்டாதீங்கடி. அப்படி முறிஞ்ச ரூம்மேட் சிநேகிதம் நிறைய பாத்துட்டேன்.

சாப்பாடு லேட்டா வந்துதுன்னா அது பெரும்பாலும் சமையல்கட்டுத் தப்பு. சர்வர் மேல கோவப்பட்டு பூஜ்யம் எழுதாதே. நிறைய கடையில மேஜை துடைக்கிறவங்களுக்கும் பாரைப் பாத்துக்கிறவங்களுக்கும் சர்வர்தான் தன் வசூல்லேருந்து பங்கு பிரிக்கணும். விற்பனைக்கு இத்தனைன்னு கணக்கு வச்சிருந்தா, நீ ஒண்ணும் குடுக்காத மேஜைக்கு அவங்க கைக்காசு போகும். நிஜமாவே மரியாதைக் குறைவா நடந்தா 10-ஆக் குறைச்சு, மேனேஜரைக் கூப்பிட்டு வாயைத் திறந்து சொல்லு. கேஷா குடுத்தாத்தான் சர்வருக்குச் சேரும்னும் சொல்வாங்க. கார்டுல போட்டாலும் அது அவங்க பணம்தான். முதலாளியோ மேனேஜரோ அதை எடுத்துக்கக் கூடாதுன்னு 2018-லயே சட்டம் வந்தாச்சு.

கார்டை வாங்கிட்டுப் போய் ரெண்டு சீட்டு கொண்டுவந்து வைப்பாங்க. கடைக்காரங்க சீட்டுல டிப்ஸ், மொத்தம் ரெண்டையும் தெளிவா எழுதிக் கையெழுத்துப் போடு, இன்னொண்ணை போட்டோ எடுத்து வச்சுக்கோ. வங்கி ஆப்ல முதல்ல 43.30-னு காட்டும், ரெண்டு மூணு நாள்ல டிப்ஸோட சேர்ந்து 50.90-ஆ மாறும். அதுல பதறாதே. நீ எழுதினதைவிட அதிகமா எடுத்திருந்தா மட்டும் போட்டோவோட கடைக்குப் போன் பண்ணு. அங்க சரியாகலைன்னா வங்கிக்கு.