புழைக்கடைத் தோட்டமும் டேலியாக் கிழங்கும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களைப் பார்த்திராத அங்கத்தினர் அவ்வட்டாரத்தில் அநேகமாக இரார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய இரண்டு ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடு அச்சுவர்களிலே வெட்டப்பட்டிருக்கிறது. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையைப் பற்றிப் பலரும் பேசுவர். அவ்வாரியங்களில் ஒன்று தோட்ட வாரியம் என்பதைக் கவனிப்பவர் சிலரே. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் குறிக்கப்பட்டிருக்க, தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர் குறிக்கப்பட்டனர். தோட்டம் என்பது ஓய்வு நேர வேடிக்கை அன்று, ஊர்க் காரியங்களில் ஒன்று என்று முன்னோர் கருதினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய ஊரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், வீட்டின் பின்புறம் இரண்டு அல்லது மூன்று சென்டு நிலம் முள்ளும் குப்பையுமாகக் கிடக்க, கீரைக்கும் கத்தரிக்கும் கடைக்குக் காசு கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. அவ்விடத்தைக் காய்கறிக்கும், அதில் ஒரு சிறு பகுதியைப் பூவுக்கும் பயன்படுத்தும் விதமும், டேலியா என்னும் பூச்செடியின் கிழங்கை ஒருவருக்கொருவர் கொடுத்துப் பெருக்கும் விதமும் இப்பாடத்தில் விளக்கப்படும்.

1. முதலில் உணவு, பின்பு பூ

ஒருவர் நாள்தோறும் காய்கறியும் பழமுமாக 400 கிராமுக்குக் குறையாமல் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது நாளொன்றுக்கு இரண்டு கிலோ ஆகும். மூன்று சென்டு இடம், அதாவது சுமார் 1,300 சதுர அடி, இவ்வளவையும் தந்துவிடாது. ஆயினும் கீரைச் செலவையும் காய்ச் செலவையும் பெரிதும் குறைக்கும். ஆகையால் பத்தில் ஒன்பது பங்கு இடம் உணவுப் பயிருக்கே உரியது.

முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி முதலிய உயர்ந்து வளர்பவற்றை வடக்கு எல்லையில் வைக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே விழும். மரம் தெற்கே இருந்தால் பாத்திகள் வெயிலின்றி வாடும். பாத்திரம் கழுவும் ஜலமும் குளிக்கும் ஜலமும் வெளியேறும் வாயில் வாழைக்கு ஏற்ற இடம். சோப்பு கலந்த ஜலத்தைக் கீரைப் பாத்தியில் விடலாகாது. புடல், பாகல், அவரை ஆகியவற்றுக்கு ஒரு பந்தல் போதும். கீரையை ஒரே நாளில் விதைக்காமல், பாத்தியை மூன்று கூறாக்கிப் பதினைந்து நாளைக்கு ஒரு கூறாக விதைத்தால் வீட்டில் கீரை இல்லாத வாரம் இராது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும். ஆதலால் ஒன்றை எடுத்த பாத்தியில் உடனே மற்றொன்றை நடாமல், அவரையோ கொத்தவரையோ கீரையோ இட்டு இடத்தை மாற்ற வேண்டும்.

இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலமில்லாத குடும்பங்கள் பயிரிட ஸ்தல ஸ்தாபனங்கள் சிறு துண்டு நிலங்களை வாடகைக்கு விடுகின்றன. முழுத் துண்டு ஒன்று நம் கணக்கில் சுமார் ஆறு சென்டு. உருளைக்கிழங்கும் கோசும் பயிராகும் அந்நிலங்களில் ஓர் ஓரத்தை டேலியாவுக்கு ஒதுக்குவோர் பலர். அதில் பொருள் உண்டு. பூவைப் பார்க்க நாள்தோறும் தோட்டத்துக்குள் செல்பவர் கண்ணில், கத்தரியில் விழுந்த புழுவும் பாகலில் படர்ந்த அசுவினியும் முதல் நாளே பட்டுவிடும். ஒற்றையடுக்கு டேலியாவை நாடி வரும் தேனீக்கள் பூசணியிலும் பாகலிலும் மகரந்தத்தைச் சேர்த்துக் காய் பிடிக்கச் செய்யும்.

2. டேலியாவின் குணம்

இச்செடியின் தாயகம் மெக்ஸிகோ நாட்டு மலைகள். 1789-இல் அதன் விதைகள் ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரின் தாவரத் தோட்டத்துக்குச் சென்றன. 1791-இல் ஆண்டர்ஸ் டால் என்னும் ஸ்வீடன் நாட்டுத் தாவர நூலறிஞரின் பெயரால் அதற்கு டேலியா என்று பெயரிடப்பட்டது. மலைச் செடியாதலால் குளிர்ந்த இரவையும், நல்ல வெயிலையும், ஜலம் தேங்காத மண்ணையும் அது விரும்பும். உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் செழித்து வளர்வதற்குக் காரணம் இதுவே.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் அதற்கு இரண்டு பகைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் கிழங்கு அழுகும். பங்குனிக்குப் பிற்பட்ட வெயிலில் செடி கருகும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள மூன்று, நான்கு மாதங்களே அதன் பருவம். ஆகையால் புரட்டாசியில் கிழங்கைச் சட்டியில் முளைக்க வைத்து, மழைக்காலம் முழுவதும் தாழ்வாரத்தின் ஓரத்தில் வெளிச்சம் படும்படி வைத்திருந்து, கார்த்திகைக் கடைசியில் மழை தணிந்ததும் தரையில் நடுவது நல்லது. செடி தையிலும் மாசியிலும் பூக்கும்.

3. நடவும் பராமரிப்பும்

மேட்டுப் பாத்தியே ஏற்றது. களிமண்ணாயின் மணலும் மக்கிய எருவும் சேர்த்துத் தரையினின்று அரை அடி உயர்த்த வேண்டும். செடிக்குச் செடி இரண்டு அடி இடம் விடுக. நடும்போதே மூங்கில் முளையை ஊன்றிவிட வேண்டும். பின்னர் ஊன்றினால் முளை கிழங்கைக் குத்தி அழுகச் செய்யும். செடி முக்கால் அடி உயர்ந்து நான்கு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். பெரிய பூ வேண்டுவோர், ஒரே இடத்தில் தோன்றும் மூன்று மொக்குகளில் நடுவிலுள்ளதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்குவர்.

தழைச்சத்து மிகுந்த எருவை அதிகம் இட்டால் இலை கொழுக்கும், பூ குறையும், கிழங்கும் மெலியும். மக்கிய சாணமும் சிறிது சாம்பலும் எலும்புத்தூளும் போதும். வெயில் ஏறும்போது இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்திப் பேன் பிடிக்கும். காலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி ஜலம் தெளிப்பது அதைக் குறைக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு, 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் ஜலத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிதளவு சோப்பைக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். கத்தரிக்கும் வெண்டைக்கும் இதுவே உதவும்.

செடியினின்று பறித்த டேலியா மொக்கு பெரும்பாலும் மலராது. ஆகையால் முக்கால் பங்குக்கு மேல் விரிந்த பூவையே விடியற்காலையில் கொய்ய வேண்டும்.

4. கிழங்கைக் காப்பது

பலர் தவறுவது இவ்விடத்தில்தான். பூ முடிந்ததும் செடியை மறந்துவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் காசு கொடுத்துக் கிழங்கு வாங்குவர். பூமிக்குள் ஒரு கிழங்கு பலவாகப் பெருகியிருப்பதை அவர்கள் எண்ணுவதில்லை. விதை நெல்லைக் குத்தித் தின்பவன் செய்யும் காரியத்துக்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

இலை மஞ்சளானதும் ஜலம் விடுவதை நிறுத்தித் தண்டை அரை அடி விட்டு அறுக்க வேண்டும். அடியினின்று ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் தோண்டி, கழுத்து முறியாமல் கிழங்குக் கொத்தை எடுக்க வேண்டும். தண்டு உள்ளே குழலாயிருப்பதால், கொத்தைத் தலைகீழாக இரண்டு நாள் நிழலில் வைத்து உள்ளிருக்கும் ஜலத்தை வடியவிடுக. அழுகிய பகுதியை அறுத்து, வெட்டு வாயில் சாம்பலைத் தடவி, மண் சட்டியில் உலர்ந்த மணலுக்கிடையே அடுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம். பூஞ்சணம் பூத்ததை அகற்றுக. சுருங்கியிருந்தால் மணலில் சிறிது ஜலம் தெளிக்க. சித்திரை, வைகாசி வெயிலில் இக்கவனம் தளர்ந்தால் ஆவணியில் சட்டியில் சருகே மிஞ்சும்.

உருளைக்கிழங்குக்கு உடலெங்கும் கண் உண்டு. டேலியாவுக்கோ தண்டோடு சேர்ந்த கழுத்தில் மட்டுமே கண் உண்டு. கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளையாது. ஆகையால் ஆவணிக் கடைசியில் கொத்தை ஈர மணலில் வைத்துக் கண்கள் பருத்த பின்பு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்கும்படி கூரிய கத்தியால் பிரிக்க வேண்டும். நன்கு காக்கப்பட்ட கொத்து மூன்று நான்கு துண்டுகள் தரும்.

5. கூட்டுறவின் பயன்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு வீட்டில் மழை நீர் புகலாம், மற்றொரு வீட்டில் எலி கடிக்கலாம். ஒரே வீட்டில் வைத்த கிழங்கு முழுவதும் ஒரே இரவில் போகக்கூடும். பத்து வீடுகளில் வைத்தது பத்து வீடுகளிலும் ஒருங்கே போவது அரிது. இங்கேதான் சங்க அங்கத்தினரின் ஒற்றுமை பயன் தருகிறது.

பத்து அங்கத்தினர் சேர்ந்து பத்துக் கிழங்குகள் வாங்கி, தலைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த புரட்டாசியில் ஒவ்வொருவரும் தாம் பிரித்த துண்டுகளில் இரண்டைப் பொதுவில் தருவது என்பது ஏற்பாடு. மூவருடைய கிழங்கு அழிந்தாலும் மற்ற எழுவர் பதினான்கு துண்டுகள் தருவர். இழந்த மூவருக்கும் தலைக்கு ஒன்று கொடுத்த பின்பு, புதிதாகச் சேரும் பதினொருவருக்கு வழங்கலாம். எவரும் மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை. கத்தரி, அவரை, புடல் விதைகளுக்கும் இவ்வேற்பாடே பொருந்தும். சங்கத்தின் மூலதனத்தை இதற்காகத் தொடவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், யார் எத்தனை பெற்றார், எத்தனை திருப்பினார் என்ற பதிவும் போதும்.

அப்பதிவை அற்பமாக எண்ணலாகாது. இந்தியாவில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது. அவ்வாண்டிலேயே பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரிலும் காஞ்சீபுரத்திலும் சங்கங்கள் பதிவாயின. அவற்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூர்ச் சபையார், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருடைய பெயரும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படலாகாது என்று விதித்தனர். கொடுத்தது ஒரு கிழங்கே ஆயினும் கணக்கு கணக்குத்தான். வாங்கியவர் திருப்பும் வரையில்தான் பொதுக் கிழங்கு பெருகும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை:

(1) பத்தில் ஒன்பது பங்கு உணவுப் பயிர், ஒரு பங்கு பூ.
(2) மழை தணிந்த பின் மேட்டுப் பாத்தியில் நடவு. முளை ஊன்றுவது நடும் அன்றே.
(3) கண் இல்லாத கிழங்கு முளையாது. கழுத்து முறியாமல் எடுக்க.
(4) கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சட்டியைச் சோதிக்க.
(5) பெற்றது ஒன்று, திருப்புவது இரண்டு. இரண்டையும் அன்றன்றே எழுதிவிடுக.