பூமி பிறந்த கதை: அப்பாயி சொன்னதும் அறிவியல் சார் சொன்னதும்

போன மாதம் சமூக அறிவியல் வகுப்பில் டீச்சர், "பூமிக்கு வயசு என்ன, யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார்கள். நான் எழுந்து, "சுமார் 454 கோடி ஆண்டுகள் டீச்சர்" என்றேன். என் பக்கத்தில் இருந்த தோழி மெதுவாக, "எங்க பைபிள்ல கடவுள் ஆறு நாள்ல படைச்சார்னு இருக்குடி" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ உங்க புக்கு தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பத்து நாள் என்னுடன் பேசவில்லை.

அந்தப் பத்து நாளில் நான் நூலகத்தில் படித்ததையும், அறிவியல் சாரிடம் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அன்று சாயங்காலம் அப்பாயியிடம் பூமி எப்படி வந்தது என்று கேட்டேன். "இரணியாட்சன்னு ஒரு அசுரன் பூமியைப் பாய் மாதிரி சுருட்டிக் கடலுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டான். பெருமாள் வராக அவதாரம் எடுத்துக் கொம்புல தூக்கிட்டு வந்தாரு" என்றது. "கடலே பூமியிலதானே இருக்கு? அப்புறம் எந்தக் கடல்ல ஒளிச்சான்?" என்று கேட்டேன். "கதை கேக்குறப்ப கணக்கு கேக்காத புள்ள" என்று திட்டு விழுந்தது. ஆனால் அப்பாயி விடவில்லை. "நம்ம காட்டுல ஏர் ஓட்டுறப்ப கல்லுக்குள்ள கிளிஞ்சல் கிடக்குதே, கடல் இல்லாமலா வந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டது. எனக்கு பதில் தெரியவில்லை. தோழியின் புத்தகத்தைத் தப்பு என்று சொல்ல மட்டும் வாய் இருந்தது!

மறுநாள் சாரிடம் கேட்டேன். அரியலூர், பெரம்பலூர் பக்கம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், அதாவது டைனோசர் காலத்தில், உண்மையிலேயே கடல் இருந்ததாம். அந்தக் கடலின் சிப்பியும் சுண்ணாம்பும்தான் இன்று சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரமும் அந்தக் கடலோரக் காலத்து மரமே. "உங்க அப்பாயி கவனிச்சது சரி. ஆனா அந்தக் கடல் வரும்போது பூமிக்கு வயசு 440 கோடியைத் தாண்டிருச்சு. அது பிறந்த கதை இல்ல, வளர்ந்த கதை" என்றார் சார்.

சரி, பிறந்த கதை என்ன? விண்வெளியில் வாயுவும் தூசியும் கலந்த பெரிய மேகம் ஒன்று தன் ஈர்ப்பினாலேயே சுருங்கி, சுழன்று, தட்டையானது. நடுவில் சேர்ந்தது சூரியன். சூரிய மண்டலத்தின் மொத்தப் பொருளில் 99.8 சதவீதம் அதற்கே போய்விட்டது. பந்தியில் கடைசியில் மிஞ்சின பருக்கை மாதிரி இருந்த மீதித் தூசிதான் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகி, கல்லும் கல்லும் மோதிக் கோள்களாயின. பூமி முதலில் பெரும்பாலும் உருகிய குழம்பாக இருந்தது. கனமான இரும்பு நடுவுக்கு இறங்கியது. செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் வந்து மோதி, சிதறியது சேர்ந்து நிலா ஆனது என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பிறகு ஆறி, நீராவி மழையாகிக் கடல் வந்தது.

இதெல்லாம் யார் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சார் அடுப்பை உதாரணம் சொன்னார். எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் எவ்வளவு விறகு மிச்சம், எவ்வளவு சாம்பல் என்று பார்த்தால் எப்போது பற்ற வைத்தார்கள் என்று சொல்லலாம் அல்லவா? யுரேனியம்தான் விறகு, ஈயம்தான் சாம்பல். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். சூடு, குளிர், மழை எதுவும் இந்த வேகத்தை மாற்றாது.

ஆனால் பூமியின் முதல் பாறைகள் உருகி அழிந்துவிட்டன. நமக்குக் கிடைத்ததிலேயே பழசு, ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் எடுத்த சிர்கான் என்ற குட்டி மணிகள். அதற்கு வயது சுமார் 440 கோடி. அதனால் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கற்களை எடுத்துக்கொண்டார். அவையும் பூமி பிறந்த அதே மேகத்தில், அதே சமயத்தில் உண்டானவை. அரிசோனாவில் கிடைத்த இரும்பு விண்கல் ஒன்றில் யுரேனியம் அநேகமாக இல்லை, ஈயம் மட்டும் இருந்தது. அதாவது அடுப்பு மூட்டும் முன்பே இருந்த பழைய சாம்பல் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிட்டது! அதைக் கழித்து மற்ற கற்களைக் கணக்குப் போட்டு 1956 இல் 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். கூடவோ குறையவோ 7 கோடி என்றும் எழுதினார். எனக்கு இந்த "கூடவோ குறையவோ" ரொம்பப் பிடித்தது. நான் வகுப்பில் சொன்னபோது அப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். அவர் அளக்கும்போது எங்கு பார்த்தாலும் வேண்டாத ஈயம் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தது. அதற்காக ஆய்வகத்தையே கழுவிக் கழுவி வருடக்கணக்கில் பாடுபட்டார். பிறகுதான் அது பெட்ரோலில் கலக்கும் ஈயத்தால் காற்றில் வருவது என்று புரிந்தது. அதை எதிர்த்தும் போராடினார். நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. பூமிக்கு வயசு பார்க்கப் போய் நம் மூச்சுக்காற்றையும் காப்பாற்றியிருக்கிறார்.

எங்கள் மாமா ஒருவர், "நம்ம புராணத்துல பிரம்மாவுக்கு ஒரு பகல் 432 கோடி வருஷம். பாரு, அப்பவே சொல்லிட்டாங்க" என்றார். எனக்கும் முதலில் பெருமையாக இருந்தது. சார்தான், "அந்தக் கணக்குப்படியே இந்தப் பகல்ல இதுவரை போனது சுமார் 197 கோடிதானேம்மா?" என்றார். எண் பக்கத்தில் வந்தால் அளந்ததாக ஆகாது. நான் தோழியிடம் கேட்ட கேள்வியை என் வீட்டுக் கதையிடமும் கேட்க வேண்டும் அல்லவா? அதே சமயம் ரிக் வேதத்தில் நாசதீய சூக்தம் என்று ஒன்று, படைப்பு எப்படி நடந்தது என்பது யாருக்குத் தெரியும் என்ற சந்தேகத்தோடேயே முடிகிறதாம். அது எனக்கு ஆச்சரியம்.

பைபிளுக்கு வருகிறேன். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், அதில் வரும் தலைமுறைகளின் வயதைக் கூட்டி, உலகம் கி.மு. 4004 இல் படைக்கப்பட்டது என்று 1650 இல் எழுதினார். ஆனால் எல்லாக் கிறிஸ்தவர்களும் அதை ஏற்கவில்லை. ஆறு நாள் என்பதை ஆறு நெடுங்காலம் என்று கொள்பவர்கள் பலர். குர்ஆனில் வரும் ஆறு நாளையும் அப்படிக் கொள்பவர்கள் உண்டு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927 இல் எழுதியதும், முழுப் பிரபஞ்சமும் ஓர் ஆதி அணுவிலிருந்து வந்தது என்று 1931 இல் சொன்னதும் யார் தெரியுமா? ஜார்ஜ் லெமைத்ர் என்ற பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார்! (இது பிரபஞ்சத்தின் கதை, வயது சுமார் 1380 கோடி. பூமி ரொம்பப் பின்னால். நான் முதலில் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.) 1951 இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கருத்து படைப்புக்குச் சான்று போல் இருக்கிறது என்று பேசியபோது, லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. ஜெபம் ஜெபமாகவும் கணக்கு கணக்காகவும் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

இதை எழுதிக்கொண்டு போய் தோழியிடம் நீட்டினேன். பாதிரியார் என்ற இடத்தில் நின்று இரண்டு தடவை படித்தாள். "454 கோடி நானும் பரீட்சையில எழுதுவேன்டி. அன்னைக்கு எல்லாரையும் சிரிக்க வெச்சியே, அதுக்குத்தான் கோவம்" என்றாள். மன்னிப்பு கேட்டேன். ஆறு நாளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கோயில் ஃபாதரிடமே கேட்கப் போகிறாளாம்.

கீழே உள்ள படம் அவள் வரைந்தது. சிவப்பு கலர் பென்சில் தீர்ந்துவிட்டதால் நெருப்புக் குழம்பு பாதி ஆரஞ்சாக இருக்கும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி