மூட்டு உளைவு: குளிசை போடுமுன் வலியை அறிவோம்



மரமுந்திரிகை பொறுக்கும் காலத்தில் நலன்புரிப் பகுதிக்கு அதிகம் வரும் முறைப்பாடு முழங்கால் உளைவும் நாரிப்பிடிப்பும்தான். கொண்டச்சி மணலிலே நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் கொட்டை பொறுக்கினால் மூட்டு சும்மா இருக்குமா? ஆனாலும் எல்லா மூட்டு வலியும் வேலையால் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே குளிசையும் இல்லை. "உளைவுக்கு ரெண்டு குளிசை தாங்க" என்று கடையில் கேட்குமுன், எந்த வலி என்று தெரிந்துகொள்வோம்.

1. தேய்மானம்: எலும்பு நுனியில் உள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்வது. பெரும்பாலும் நடுவயதுக்குப் பின் வரும். வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் விறைப்பு இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடும்.

2. முடக்குவாதம்: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது. பெண்களுக்கு அதிகம். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணிக்கு மேலும் நிற்கும். கவனிக்காமல் விட்டால் விரல்கள் கோணிப் போகும்.

3. யூரிக் அமிலம் படிதல்: இரவோடு இரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் தாங்காது.

4. சிக்குன்குனியா: 2006 கடைசியில் இலங்கையில் இது பரவியபோது எமது மன்னார் மாவட்டமும் தப்பவில்லை. 2025இலும் நாட்டில் பரவியது. காய்ச்சல் சில நாளில் விட்டாலும் மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கலாம். இது நுளம்பால் வருவது. ஆகவே சிரட்டை, டயர், வாளிகளில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை

ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் உள்ளே கிருமி இருக்கலாம். அன்றைக்கே போகவேண்டும். பிள்ளைக்குத் தொண்டை நோ வந்து சில கிழமையில் வலி மூட்டுக்கு மூட்டு மாறினாலும் தாமதிக்க வேண்டாம். அது இருதயத்தையும் பாதிக்கக்கூடிய காய்ச்சலாக இருக்கலாம்.

குளிசை பற்றி

டைக்ளோஃபெனாக், இபுபுரூபன் போன்றவை வலியைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் நாளாந்தம் விழுங்கினால் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும், சிறுநீரகமும் பழுதாகும். வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கும், பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். காய்ச்சல் நேரத்தில் இவற்றைத் தொடவே கூடாது. டெங்கு ஆக இருந்தால் இரத்தப்போக்கு உண்டாகும். அப்போது பனடோல் மட்டும்தான். பெரியவர்கள் ஒருமுறைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டுக்கு மேலும், 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேலும் போடக்கூடாது.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் கிழமையில் ஒரு நாள் மட்டும் எடுப்பது. வலி கூட என்று தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. பேர் இல்லாத பொட்டலத் தூளிலும் கவனம் வேண்டும். ஒரே நாளில் சுகம் தரும் சிலவற்றில் ஸ்டீரோய்ட் கலந்திருப்பதுண்டு.

தேய்மானத்துக்கு என்ன செய்யலாம்?

கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடைத் தசை பலமானால் முழங்காலுக்குப் பாரம் குறையும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறையும். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவேண்டும். பொறுக்கும்போது சிறு பலகையில் இருங்கள், அரை மணிக்கொருதரம் எழும்பி நில்லுங்கள். தொழுகையிலும் செபத்திலும் முழங்கால் மடிக்க ஏலாதவர்கள் கதிரையில் இருக்கலாம். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் பிடிப்பதில் குற்றமில்லை. ஆனால் சுட்டு வீங்கிய மூட்டில் உருவ வேண்டாம். இவற்றுக்கும் அடங்காவிட்டால் மூட்டுக்குள் ஊசி, கடைசியாக மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை என வழிகள் உண்டு. அதை வைத்தியர் முடிவு செய்வார்.

"ஒரு நாள் சம்பளம் போகுமே" என்றுதான் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார்கள். அந்தக் கவலை எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் விரல் கோணிய பிறகு எத்தனை நாள் சம்பளம் போகும் என்று கணக்குப் பாருங்கள். சிலாவத்துறை ஆஸ்பத்திரியிலும் மன்னார் பொது ஆஸ்பத்திரியிலும் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆறு கிழமைக்கு மேல் மூட்டு வீக்கம் நின்றால் கட்டாயம் போங்கள். கிளினிக் கொப்பியோடு, இதுவரை போட்ட குளிசைகளின் மட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.