எல்லாப் பழியும் பேட்டரி மேல்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடியுமுன் தக்காளி ஏற்றிப் போகவேண்டிய பழைய பிக்கப், சாவியைத் திருப்பியும் எழவில்லை என்றால் சுற்றி நிற்கிற நாலு பேரும் நாலு நோய் சொல்வார்கள். பேட்டரி, ஹீட்டர், நாசில், பம்ப். யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அவரவர் வண்டிக்கு என்றோ வந்த நோயைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். காமன் ரெயில் வருவதற்கு முந்தைய டாடா 207, மகிந்திரா பிக்கப், 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ் மாதிரி வண்டிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இந்த எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17 முதல் 22 மடங்கு வரை நெருக்கி, அதில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கின்றன. ஆகவே ஸ்டார்ட் ஆக மூன்றே மூன்று வேண்டும்: போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் வந்து சேர வேண்டும், சூடு இருக்க வேண்டும். இதில் எது குறை என்று முதலில் சொல்வது சைலன்சர். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் துளிப் புகை இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் டீசல் போகிறது, எரியவில்லை. ஸ்பேனரைத் தொடுமுன் ஒருவர் வண்டியின் பின்னால் போய் நின்று பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும்.

“செல்ஃப் எடுக்கலையா, பேட்டரியை மாத்து”

மாற்றுங்கள், ஆனால் அளந்துவிட்டு. இரவு முழுக்கச் சும்மா நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சாவியைத் திருப்பி செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். அப்போதும் 11-க்கு மேலேயே நின்றுகொண்டு எஞ்சின் மட்டும் முனகினால், பேட்டரியிடம் கரண்ட் இருக்கிறது, அது செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி எர்த் ஒயர். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே போகிற அந்தப் பின்னல் பட்டை பெயின்ட்டிலும் துருவிலும் ஆயில் அழுக்கிலும் மூழ்கிக் கிடக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைக் கழற்றி, சுரண்டி, இறுக்கினால் போதும்.

சத்தத்தையும் கவனிக்க வேண்டும். ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்தால் வோல்டேஜ் பற்றவில்லை. ‘டொக்’ என்று ஒரே ஒரு அடி விழுந்து அமைதியானால் சொலினாய்டின் செம்பு முனைகளோ, செல்ஃபின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும்.

தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறது என்பதும் பேட்டரிக்கு எதிரான சாட்சி அல்ல. தள்ளும்போது எஞ்சின் செல்ஃபைவிட வேகமாகச் சுற்றும். கம்ப்ரஷன் தளர்ந்த எஞ்சினும் அந்த வேகத்தில் பிடித்துவிடும்.

“காலையில மட்டும் தகராறுன்னா ஹீட்டர் பிளக்தான்”

ஏஸின் 702 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் மாதிரி இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வகைக்கு இது பாதி உண்மை. அதில் ஹீட்டர் பிளக்குக்கு நிஜமான வேலை உண்டு. ஒயரைக் கழற்றி ஓம் பார்த்தால் ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாத பிளக் எரிந்துபோனது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் அப்படியல்ல. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அது அடம் பிடிக்கலாம்; சமவெளியில் உதவியில்லாமலே பிடிக்க வேண்டும். மதுரையில் மே மாதத்தில் காலை ஸ்டார்ட்டிங் தகராறு செய்கிற வண்டிக்குக் குளிரைக் காரணம் சொல்வது கொஞ்சம் அதிகம்.

அங்கே தேட வேண்டியது ஏர்.

“சொட்டு டீசல் ஒழுகலை, அப்புறம் எப்படி ஏர் பிடிக்கும்?”

எத்தனையோ பேரை அலைக்கழிப்பது இந்தக் கேள்விதான். டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற பக்கத்துக் குழாயில் உள்ளே இருப்பது உறிஞ்சும் விசை. அங்கே மயிரிழை விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி ஓடும்போது தெரியாது. இரவில் நின்றதும் அந்த விரிசல் வழியே காற்று புகுந்து, குழாயில் இருக்கிற டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். காலையில் செல்ஃப் அடிக்குமுன் கை பம்பை நன்றாக இறுகும்வரை அடியுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் நோய் தெரிந்துவிட்டது. இடம் தெரிய வேண்டுமா? சின்ன கேனில் சுத்தமான டீசலை எடுத்து, எஞ்சினுக்கு மேலே பத்திரமாகக் கட்டி, அதிலிருந்து நேராக டியூப் கொடுத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மறுநாள் ஒழுங்காக எழுந்தால் டேங்கிலிருந்து நீங்கள் டியூபை மாற்றிய இடம் வரைக்கும் எங்கோ ஓட்டை. ரப்பர் ஹோஸ், கிளிப், ஃபில்டரின் ரப்பர் வளையம், பழையதையே மறுபடி போட்ட காப்பர் வாஷர், கை பம்பே கூட. ஃபில்டர் மாற்றிய மறுவாரம் தொடங்கிய தகராறென்றால் வேறெங்கும் தேடவே வேண்டாம்.

“துணியில பெட்ரோல் நனைச்சுக் காட்டு, பிடிச்சுக்கும்”

பிடித்துக்கொள்ளும், பிஸ்டன் உடையும்வரை. பெட்ரோல் ஆவியும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயும் காற்றோடு சேர்ந்தே உள்ளே போவதால், பிஸ்டன் மேலே ஏறி முடிக்குமுன் வெடிக்கக்கூடும். பிஸ்டனும் ரிங்கும் அந்த அடியை வாங்கும். ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் நெருப்பு வெளியேயும் வரும், துணியைப் பிடித்திருப்பது ஒரு கை என்பதை மறக்க வேண்டாம்.

“ஐடிலிங்கை ஏத்தி வெச்சா சரியாயிடும்”

நிற்கும்போது ஆடுகிற, அணைந்துபோகிற வண்டிக்கு எல்லா ஊரிலும் கிடைக்கிற இலவச வைத்தியம் இது. ஸ்குருவைத் திருகினால் நடுக்கம் மறையும், காரணம் அப்படியே இருக்கும். ஆர்பிஎம் தானாக ஏறி இறங்கினால் மறுபடி ஏர், அல்லது பம்பின் கவர்னர். ஒரே சீராக மிஸ்ஸிங் இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் உழைக்கவில்லை. ஐடிலிங்கில் ஓடவிட்டு, நாசிலுக்கு வரும் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தியபோது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அதுதான் சும்மா இருந்த சிலிண்டர். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைப் பீய்ச்சலுக்கு விலக்கி, பழக்கமுள்ளவர்தான் செய்ய வேண்டும். காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அந்தச் சிலிண்டருக்கு நாசில் மட்டும்தான் காரணமென்றும் இல்லை. டேப்பட் சத்தமே கேட்கவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. இடைவெளி தேவைக்குக் குறைவாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். எஞ்சின் ஒழுங்காக ஓடியும் வண்டி மட்டும் ஆடினால் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள்.

“பம்பை இறக்கிடலாம்”

மைக்கோ என்ற பெயர் 2008-இல் பாஷ் என்று மாறியும் பட்டறைகளில் இன்னும் ‘மைக்கோ பம்ப்’தான். அதை இறக்குவது கடைசி வேலை. அதற்கு முன் ஸ்டாப்பரைப் பாருங்கள்: இழுத்து நிறுத்தும் கேபிள் துருவேறிப் பாதியில் நின்றிருந்தால் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் டீசல் போகாது. ரோட்டரி பம்ப் என்றால் சாவியைத் திருப்பியதும் ஸ்டாப் சொலினாய்டில் ஒரு ‘டக்’ கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் முதலில் ஒயரைத் தேடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, பம்பைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையாகப் பார்த்துக் கொடுங்கள். கழற்றுமுன் பம்பின் ஃபிளாஞ்சையும் எஞ்சினையும் சேர்த்து ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது பழைய டைமிங்குக்கு அதுதான் அடையாளம்.