கண் முகாமுக்கு வராத 93 பேர்

வேடசந்தூரிலும் குஜிலியம்பாறையிலும் 'இலவசக் கண் சிகிச்சை முகாம்' சுவரொட்டிகள் புதிதல்ல. அரிமா சங்கமோ ரோட்டரியோ நூற்பாலையோ முகாம் செலவை ஏற்கும். மருத்துவமனை வேனில் டாக்டர்கள் வருவார்கள். திண்டுக்கல் சமவெளியில் நல்ல மனதுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தடுத்திருக்கக்கூடிய பார்வையிழப்பு இங்கே தொடர்கிறது. பணம் எதற்குப் போக வேண்டும் என்பதில் ஊறிப்போன சில நம்பிக்கைகளும் அதற்குக் காரணம்.

நம்பிக்கை: இலவசம் என்று அறிவித்தால் போதும், ஜனங்கள் தானாக வருவார்கள்.

உண்மை: மதுரை வட்டாரக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு இதை உடைத்தது. கண்ணில் குறை இருந்தவர்களில் 100க்கு சுமார் 7 பேரே பக்கத்தில் நடந்த முகாமுக்குப் போயிருந்தார்கள். மற்ற 93 பேரைத் தடுத்தவை பயம், வழிச்செலவு, வீட்டுப் பொறுப்பு, 'இந்த வயசுக்கு இந்தப் பார்வை போதும்' என்ற எண்ணம். பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் மகளுக்குக் கூலி போகும்; ஆட்டை யார் மேய்ப்பது என்ற கேள்வியும் உண்டு. கண்புரை ஆபரேஷனோடு பஸ் செலவையும் சாப்பாட்டையும் கொடுத்தால் கூடுதல் பேர் முன்வருவதை அதற்கு முந்தைய ஆய்வே காட்டியிருந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதிலிருந்து பாடம் படித்தது. எப்போதோ ஒருநாள் வந்து போகும் முகாமோடு நிற்காமல், 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தொலைவிலிருக்கும் டாக்டர் இணையம் வழியாக நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேல்.

நம்பிக்கை: நன்கொடை வற்றினால் இலவச சிகிச்சையும் நின்றுவிடும்.

உண்மை: முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். மூலதனத்துக்குக் குடும்ப வீடு அடமானம் போனது. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருமானத்தில் ஏழைகளுக்கு ஆபரேஷன் செய்வதுதான் ஏற்பாடு. இப்போது திண்டுக்கல்லிலும் அதற்கு மருத்துவமனை இருக்கிறது.

அப்படியானால் நன்கொடை எதற்கு? தொடங்கி வைப்பதற்கு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதி விலையில் எட்டாக்கனியாக இருந்தபோது, அமெரிக்காவின் சேவா ஃபவுண்டேஷன் துணையோடு 1992இல் மதுரையில் லென்ஸ் தயாரிக்கும் அரவிந்தின் ஆரோலேப் உருவானது. லென்ஸ் விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. ஒருமுறை கிடைத்த அந்த உதவியின் பலன் இன்றும் ஒவ்வோர் ஆபரேஷனிலும் வந்துகொண்டிருக்கிறது.

நம்பிக்கை: புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்.

உண்மை: லென்ஸ் பொருத்தாத காலத்து அறிவுரை இது. அப்போது ஆபரேஷனுக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி, அதனால் தள்ளிப்போட்டார்கள். இன்று அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகும்போதே செய்துவிடலாம். முற்றவிட்டால் ஆபரேஷன் கடினமாகும். கண்ணில் அழுத்தம் ஏறி வலியோடு பார்வையே போகவும் கூடும். 2015–19 தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குப் புரையே காரணம்.

நம்பிக்கை: ஏழைகளுக்குக் கண் உதவி என்றால் ஆபரேஷன்தான்.

உண்மை: சின்னாளபட்டி நெசவாளிக்கு நாற்பதைத் தாண்டியதும் இழை மங்குகிறது. நிலக்கோட்டையில் மல்லிகை கட்டும் பெண்ணுக்கு நூல் பிடிபடுவதில்லை. இந்த வெள்ளெழுத்துக்குத் தேவை ஒரு மலிவான கண்ணாடி. அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது தாண்டிய தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த தழையின் அளவு, கிடைக்காதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கொடுப்பவருக்குச் சிறு தொகை. பெறுபவருக்கோ தினமும் கூலி.

நம்பிக்கை: கண்ணில் நெல் தாள் பட்டால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டால் ஆறிவிடும்.

உண்மை: அந்தக் கீறல் வழியாகத்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைகின்றன. மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு பூஞ்சைப் புண்ணை இன்னும் மோசமாக்கும். புண் ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடும்.

நேபாளத்தின் பக்தபூரில் ஊர்த் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்து, கருவிழி கீறியவர்களுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு போட வைத்தார்கள். 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்ற 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. திண்டுக்கல்லில் அடுத்த முகாமுக்குப் பணம் ஒதுக்கும் சங்கங்கள் பந்தல் செலவில் ஒரு பகுதியை இவற்றுக்குத் திருப்பலாம்: ஒவ்வோர் ஊரிலும் மகளிர் குழுவில் இருவருக்குக் கண் மருத்துவமனையில் பயிற்சி, கீறல் பட்டவரை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வண்டிச் செலவு, நாற்பது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி, பாட்டியோடு துணைக்குப் போகும் மகளுக்கு அந்த நாளின் கூலி.