உதவித்தொகை தடையா, வழியா?

கேள்வி: உதவித்தொகையில் வெளிநாட்டில் படித்தால், பிறகு அங்கே நிரந்தரவாசம் கிடைக்காதா?
– ஒரு வாசகி, குளத்தூர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: பணம் யாருடையது, எதற்காகத் தரப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது. இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து வழங்கும் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் செல்பவருக்கு ஜே-1 விசா. படிப்பு முடிந்து இந்தியாவில் மொத்தம் 2 ஆண்டுகள் வாழ்ந்த பிறகே அவர் ஹெச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும். கற்றது சொந்த நாட்டுக்குப் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம். பல்கலைக்கழகமே தரும் கட்டணச் சலுகையில், எஃப்-1 விசாவில் படிப்பவருக்கு இந்தத் தடை இல்லை. சிங்கப்பூரில் நிலைமை நேர்மாறு. அங்கே கல்வி அமைச்சின் கட்டண மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர், படித்தபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்தாக வேண்டும். அது நிரந்தரவாசத்துக்கு உத்தரவாதம் அல்ல. ஆனால் அங்கே வேரூன்ற வேலையும் அவகாசமும் தருகிறது.

திறமையுள்ள பிள்ளைகளை இப்படிக் கட்டிப்போடலாமா என்று சிலர் கேட்பார்கள். பொதுப்பணத்தில் படித்தவரிடம் கைம்மாறு எதிர்பார்ப்பது நியாயமே. கையெழுத்துக்கு முன் அதை விளக்காமல் விடுவதுதான் அநியாயம். பின்னால் விலக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நம்பி ஒப்பந்தம் செய்யாதீர்கள். குடியேறுவதே குறிக்கோள் என்றால், தொகையைப் பார்க்குமுன் நிபந்தனையைப் படியுங்கள்.